கரைக்கு வந்த நாடு

“விடிஞ்சா எனக்கு நாடு இருக்குமான்னே தெரியலைம்மா” என்றார் அதிபர் வில்லவன்.

குரு வஞ்சியம்மை அதிபரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அந்தத் தீவில் அதிபர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது அவர் வாசலில் மட்டும்தான்.

“யாரு எடுத்துக்கப் போறாங்க?”

“வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு. நம்ம ஜனங்களோட பிறப்பு, நிலம், ஓட்டு எல்லாம் அவங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு. இலவசம்னாங்க, பல்லை இளிச்சுக்கிட்டுக் கொடுத்தோம். இப்போ நம்ம சட்டத்தையே அவங்க இஷ்டத்துக்கு மாத்திக் கையெழுத்துப் போடணுமாம். இல்லைன்னா நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிடுவாங்க. அப்புறம் இங்க யாரு யாருன்னு யாருக்குத் தெரியும்?”

“அதுக்குள்ள உங்க நாட்டை ஒரு தடவை பார்த்துடுவோமே” என்றார் குரு. “எல்லாரையும் கரைக்கு வரச் சொல்லுங்க.”

இது என்ன விளையாட்டு என்று அதிபருக்கு எரிச்சல். இருந்தாலும் ஒலிபெருக்கி வண்டியை அனுப்பினார்.

சாயங்காலம் மொத்த நாடும் ஒரே கடற்கரையில் நின்றது. அவ்வளவு சின்ன நாடு. நீதிபதி லுங்கியோடு வந்தார். சிறைக்காவலர் கைதிகளையும் கூட்டி வந்திருந்தார்.

“யாரும் தன் பேரைச் சொல்ல வேணாம்” என்றார் குரு. “பக்கத்துல நிக்கிறவங்களைச் சொல்லுங்க.”

“இது ஆரவல்லி. பெரும்புயல் அன்னிக்குப் பொறந்தா.”

“இவன் செங்கோடன். புளியமரம் வரைக்கும் இவன் நிலம். அதுக்கு மேல வேலி போட்டது திருட்டுத்தனம்.”

கரையே சிரித்தது.

“இது எங்க பாப்பா. நேத்துதான் பொறந்துச்சு. இன்னும் எங்கேயும் பதியலை.”

ஒரு குரல் ஓய்வதற்குள் அடுத்த குரல். கரை நெடுகப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவர்கூட விடுபடவில்லை. இத்தனை வருடம் ஆட்சி செய்தும் தன் நாட்டை அதிபர் ஒருசேரப் பார்த்ததே இல்லை.

வரிசையின் கடைசியில் அவரே நின்றார். பக்கத்தில் ஒரு கைதி.

“இவரு வில்லவன். எங்க அதிபர். இவருக்கு நான் ஓட்டுப் போடலை.”

அதிபருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது போன் அடித்தது. கம்பெனிக்காரர்.

“கையெழுத்துப் போடறீங்களா? முதல்ல நீங்கதான் அதிபர்னு உறுதி பண்ணணும். உங்க அடையாள எண்ணைச் சொல்லுங்க.”

அதிபர் போனைக் கைதியிடம் நீட்டினார்.

“நான் யாருன்னு கேக்கறாங்க. நீயே சொல்லு. சொல்லிட்டு, பூட்டிக்கச் சொல்லு.”