நாயின் எதிர்ப்புச் சக்தி

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சா என்று தலைவர் வரதராஜுலு மூன்றாவது முறையாகக் கேட்டார். பதில் சொல்லிச் சொல்லி, அங்கே ஒரு வீட்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரி சகாயமேரிக்கு வாய் வலித்தது.

"ஐயா, ரேபிஸ் ஊசி போட்டாச்சு. மத்த ஊசிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்கு, இந்த வருஷம் வேணாம்னு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரு."

"வெறும் காகிதம்! அந்தச் சக்தியை என் கண்ணுக்குக் காட்டு. இல்லேன்னா நாய் இன்னிக்கே வெளியே போகணும்."

"சரிங்க ஐயா. நீங்க கொரோனா ஊசி போட்டீங்களே, அந்தச் சக்தி உடம்புல எங்க இருக்குன்னு முதல்ல காட்டுங்க. நாய்க்கும் அதே இடத்துல தேடிக் காட்டுறேன்."

"அதுக்குத்தான் சர்டிபிகேட் வச்சிருக்கேனே!" என்று கத்தினார் தலைவர்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சகாயமேரி சிரிக்கவில்லை; டாக்டர் எழுதியதை நான்காவது முறையாக நீட்டினாள். தலைவர் வாங்கிக்கொண்டார்.