நாரை சொன்ன குறையும் நீர்நாய் செய்த படகும்

காட்டு ஏரியில் வெள்ளைப் படகு வைத்திருந்தது இரண்டே பேர். ஒன்று முயல், இன்னொன்று கீரி.

சாதாரணப் படகா அது! நீர்நாய் பார்த்துப் பார்த்து இழைத்தது. உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. பின்னால் படகைத் திருப்பும் சுக்கான், சும்மா தொட்டாலே திரும்பும். கீரி வாங்கியது நாலு பேர் பார்க்க. முயலின் கதை வேறு. அதன் வளை பள்ளத்தில் இருந்தது. மழையில் ஏரி பொங்கினால் குட்டிகளை அக்கரை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய படகு.

அந்தப் பக்கத்தில் ஒரு நாரை இருந்தது. ஊர் ஊராகப் பறந்துபோய், எல்லார் படகையும் ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதுதான் அதற்கு வேலை. நாரை வாயைத் திறந்தால் காடே காது கொடுக்கும். வெள்ளைப் படகையும் நீர்நாயிடம் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தது. பிறகு மருதமரத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது.

“சுக்கான் ரொம்ப லேசு. தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கைக்கே தெரியல. மெத்தையும் சுமார்தான்.”

கீரிக்குச் சுருக்கென்றது. “ஒரு பொழுது ஓட்டிட்டு இவங்க என்ன சொல்றது? தினமும் ஓட்டுறவன் நான். வெண்ணெய் மாதிரி திரும்புது!”

முயலுக்கோ மனசே விட்டுப்போனது. நேற்று வரை நன்றாக இருந்த படகு, இன்று தொட்டால் ஏதோ குறைவது போல் இருந்தது. இது என்ன கூத்து என்று அதற்கே புரியவில்லை. கீரியையும் கூட்டிக்கொண்டு நேராக நாரையிடம் போய்க் கேட்டுவிட்டது.

“நாரையக்கா, மெத்தையில எப்படி உக்காந்தீங்க?”

“நான் எங்கே உக்காந்தேன்? படகுல எப்பவும் நின்னுகிட்டுதான் வருவேன்.”

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. முயலுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாரைக்கு முகம் சுருங்கிப்போனது.

“உக்காராமலே மெத்தைக்குத் தீர்ப்பா? அப்போ சுக்கான் கதையும் இதே லட்சணம்தான்,” என்றது கீரி. வழக்கில் ஜெயித்த தோரணையில் வீட்டுக்குப் போய்விட்டது.

முயல் போகவில்லை. “எந்தத் தண்ணியில ஓட்டினீங்க அக்கா?” என்று கேட்டது.

“ஆத்துத் தண்ணி வந்து விழுற வாய்க்கால்ல. நல்ல இழுப்பு அங்கே.”

முயல் யோசித்தது. தானும் கீரியும் ஓட்டியதெல்லாம் அசையாத ஏரித் தண்ணீரில்தானே? குட்டிகளைக் கரையில் விட்டுவிட்டு, படகை வாய்க்காலுக்குள் செலுத்தியது.

அம்மாடி! கைக்கு ஒன்றுமே தெரியவில்லை, அதற்குள் படகு குறுக்கே திரும்பிவிட்டது. முயலுக்கு உயிரே போய் வந்தது. ஆனாலும் விடவில்லை. மறுநாளும் போனது, அதற்கடுத்த நாளும் போனது. கையை நம்பாமல் படகின் மூக்கைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் படகு சொன்னபடி கேட்கிறது என்று கண்டுகொண்டது.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. கரை உடைந்து ஏரியே ஆறாக ஓடியது. முயல் குட்டிகளை மெத்தையில் படுக்கவைத்து, கண்ணைப் படகின் மூக்கில் வைத்துக் கிளம்பியது.

முன்னால் கீரியின் படகு போய்க்கொண்டிருந்தது. இழுப்பு வந்ததும் கீரி வழக்கம்போல் சுக்கானைத் திருப்பியது. படகு பம்பரமாகச் சுழன்று, மரத்தில் மோதி, இரண்டாகப் பிளந்தது. கீரி ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு கத்தியது.

அங்கே திரும்பினால் தன் படகும் கவிழலாம். குட்டிகள் உள்ளே இருந்தன. இருந்தாலும் முயல் மெல்ல மெல்லத் திருப்பி, கிளையருகே போய்க் கீரியை ஏற்றிக்கொண்டது.

மேட்டில் இறங்கியதும் கீரி ஈரத்தை உதறிக்கொண்டே கேட்டது. “அன்னைக்கு நீயும் என்கூடச் சேர்ந்து சிரிச்சியே முயலு?”

“சிரிச்சேன். சிரிச்சுட்டு, போய் ஓட்டிப் பார்த்தேன்.”

குறை சொன்னவரை மடக்கிவிட்டால் குறை போய்விடாது. அது உண்மைதானா என்று நாமே போய்ப் பார்த்துவிட வேண்டும்.