பொட்டு வைத்துக்கொண்ட தார்ப்பாய்

கடலோரச் செம்மண் காட்டில் கலியமூர்த்தி என்று ஒருத்தன். அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி. இரண்டு பேருக்கும் சொத்து என்றால் வீட்டை ஒட்டிய சின்னச் சவுக்குத் தோப்பு மட்டும்தான். அதை வெட்டி விறகாக்கி விற்றால்தான் அடுப்பில் உலை ஏறும்.

கலியமூர்த்தி மரத்தைச் சாய்ப்பான். அஞ்சலாட்சி மிலாறு என்கிற சிறு கிளைகளைக் கழித்து, கட்டையைக் கைநீளத்துக்குத் துண்டு போட்டு, தடித்ததைப் பிளந்து, வாசலில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவாள். காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போக வேண்டும். அப்படி அடுக்கினால்தான் உள்கட்டை வரைக்கும் காயும்.

அந்த வீட்டில் ஒரு கோடாலி, ஒரு ரம்பம், ஒரு தராசு, ஒரு நீலத் தார்ப்பாய். மனுசர்கள் காது அந்தப் பக்கம் இல்லாதபோது நாலும் பேசிக்கொள்ளும். பேச்சா அது? பாதி நாள் சண்டைதான். சண்டையை ஆரம்பிப்பது எப்போதும் தார்ப்பாய்.

தார்ப்பாயின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஆயுத பூஜை. வருசா வருசம் அன்றைக்குக் கோடாலியைக் கழுவி, எண்ணெய் தேய்த்து, சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பாள் அஞ்சலாட்சி. ரம்பத்துக்கு உண்டு. தராசுத் தட்டு இரண்டுக்கும் தனித்தனியாக உண்டு. தேங்காய் துருவிக்குக்கூட உண்டு என்றால் பாருங்களேன். தார்ப்பாயை மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. அது பாட்டுக்கு விறகு மேல் கிடக்கும், காக்காய் எச்சத்தோடு.

"நீ என்னா பெரிய கொம்பா?" என்று கோடாலியைப் பார்த்துக் கேட்கும். "உனக்கு மட்டும் எதுக்குடா சந்தனம்?"

"நான் வெட்டுறேன்ல" என்றது கோடாலி.

"வெட்டிட்டா ஆச்சா? வெட்டுனதை நனையாமக் காப்பாத்துறது யாரு? பனி, மழை, புழுதி எல்லாத்தையும் முதுகுல வாங்குறது நானு. நீ உள்ள சாக்கு மேல படுத்துத் தூங்குற. உனக்குப் பொட்டு, எனக்குப் பட்டை நாமமா?"

"அதை ஏன் எங்கிட்ட கேக்குற? அம்மாகிட்ட கேளு."

"கேக்கத்தான் போறேன், இரு!"

ரம்பம் ஈ என்று பல்லைக் காட்டிச் சிரித்தது. தார்ப்பாய்க்கு அந்தச் சிரிப்பு இன்னும் எரிந்தது. விறகுக் கட்டைகளுக்குத்தான் பாவமாக இருந்தது. அவை தார்ப்பாயை அக்கா என்றுதான் கூப்பிடும். "விடு அக்கா" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தன. "எங்களுக்கு நீதானே எல்லாம்?"

"உங்களுக்கு நான் எல்லாம். எனக்கு யாரு இருக்கா?" என்று சுருட்டிக்கொண்டது தார்ப்பாய்.

அந்த வருசம் அப்படி இருக்கும்போதே நல்ல காலம் ஒன்று வாசலுக்கு வந்தது. பக்கிரி மாஸ்டர் என்று ஒரு சமையல்காரர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் அவர் கரண்டிதான். அதுவரை டவுன் விறகுக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தவர், கடைக்காரன் ஈரக் கட்டையைத் தலையில் கட்டிவிட்டான் என்று கோபித்துக்கொண்டு இங்கே வந்தார். இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று மோதினார். டங்கென்று கேட்டது.

"வெங்கலம் மாதிரி இருக்கேம்மா" என்றார் அஞ்சலாட்சியிடம். "ஆயுத பூஜைக்கு மறுநாள் வண்டியோட வர்றேன். அதுக்கு அடுத்த நாள் விடியக்காலம் கல்யாணம். இந்தக் கட்டை நல்லா நின்னு எரிஞ்சுதுன்னா, ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி, எல்லா முகூர்த்தத்துக்கும் உங்க விறகுதான். நான் வேற எங்கியும் போகமாட்டேன்."

"ஒரு சொட்டு ஈரம் இருக்காது மாஸ்டர். நீங்க தைரியமாப் போங்க" என்றாள் அஞ்சலாட்சி.

அன்றிலிருந்து அவள் விறகைப் பச்சைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். வெயில் வந்தால் தார்ப்பாயை எடுப்பாள், வெயில் இறங்கினால் மூடுவாள். கடல் பக்கம் கொஞ்சம் கறுத்தால்கூடச் சோற்றுக் கையோடு ஓடி வருவாள். தோப்பு முழுக்க இனி என்ன விலை போகும் என்பது இந்த ஒரு அடுக்கில்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், கலியமூர்த்திக்கும் தெரியும்.

ஆயுத பூஜையன்று நல்ல வெயில். விறகு திறந்து கிடந்தது. மடித்த தார்ப்பாய் வேலியோரம் இருந்தது. உள்ளே இலை போட்டுப் பொரி, கடலை, அவல் எல்லாம் பரப்பியாயிற்று. கோடாலி குளித்துவிட்டு மினுமினுவென்று உட்கார்ந்திருந்தது. ரம்பத்துக்குப் பூ வைத்தார்கள். தராசு நெற்றி நிறையக் குங்குமத்தோடு ராஜா மாதிரி தொங்கியது.

வேலியோரத்திலிருந்து அதைப் பார்த்த தார்ப்பாய்க்குப் பொறுக்கவில்லை. கடல் காற்று ஒரு வீசு வீசியதுதான் சாக்கு. மடிப்பை உதறிக்கொண்டு எழுந்து, உருண்டு புரண்டு வாசலைத் தாண்டி, சந்தனக் கிண்ணத்தோடு வந்த அஞ்சலாட்சியின் காலைச் சுற்றிக்கொண்டது.

"அட, இது என்னாங்க இது!" என்று தடுமாறி நின்றாள்.

கலியமூர்த்தி சிரித்தான். "அது கோவிச்சிக்கிச்சு போல. எல்லாருக்கும் வச்சியே, அதுக்கு வச்சியா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் அஞ்சலாட்சிக்குச் சுருக்கென்றது. "ஆமாங்க, பாவம். இத்தினி வருசமா மழையையும் பனியையும் இதுதான் தாங்குது, நமக்கு ஒருநாளும் தோணலையே!" தார்ப்பாயைக் கழுவினாள், துடைத்தாள், பட்டுப்புடவை மாதிரி நேராக மடித்துக் கோடாலிக்கும் ரம்பத்துக்கும் நடுவில் வைத்தாள். நடுவில் பெரிசாகச் சந்தனம். அதன்மேல் குங்குமம். ஒரு முழம் கதம்பம்.

தார்ப்பாய் கோடாலியை ஓரக்கண்ணால் பார்த்தது. "பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன். சந்தோசமா இரு" என்றது கோடாலி.

"உன் பொட்டைவிட என் பொட்டு பெருசு."

"உன் ஒடம்பும் பெருசுதானே" என்றது ரம்பம். தார்ப்பாய் அதைக் காதில் வாங்கவே இல்லை.

பூஜை முடிந்தது. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியைத் தின்றுகொண்டு கலியமூர்த்தி கட்டிலில் சாய்ந்தான். வெயில் தாழும் நேரம். கடல் பக்கம் ஒரு கறுப்பு எழுந்தது. முதலில் ஒரு பானை அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானம் பாதியை அடைத்துவிட்டது.

"அஞ்சல, மானம் இருட்டுது. தார்ப்பாயை எடு!"

அஞ்சலாட்சி உள்ளே ஓடினாள். கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னா நிக்கிற?"

"சாமிக்கு வச்சதுங்க. காலையில மறுபூஜை பண்ணாம எப்படி எடுக்கிறது?"

"விறகு நனைஞ்சிடும்டி!"

"போன வருசம் பூஜையன்னிக்கு என்னா ஆச்சு? பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான்னு சாயந்தரமே கோடாலியைத் தூக்கிக்கிட்டுப் போனீங்க. கால்ல போட்டுக்கிட்டு எத்தினி நாள் படுத்துக் கெடந்தீங்க? மறந்துட்டீங்களா? நான் மறக்கலை."

கலியமூர்த்தி குனிந்து தன் கால் தழும்பைப் பார்த்தான். "சரி, சாக்கு இருந்தா கொண்டா" என்று வெளியே ஓடினான்.

மழை வந்தது. சும்மா இல்லை, ஐப்பசி மழை. சாக்கை விரித்தார்கள், காற்று அள்ளிக்கொண்டு போனது. கீற்றைப் போட்டார்கள், கீற்று இடுக்கில் அருவியாகக் கொட்டியது. அஞ்சலாட்சி தன் புடவை இரண்டைக் கொண்டுவந்து போர்த்தினாள். புடவை தண்ணீரைக் குடித்துக் கட்டைக்கும் ஊட்டியது. பக்கத்து வீட்டுக்காரனிடம் இரவல் கேட்கலாம் என்றால் அவன் தார்ப்பாய் அவன் கடலைக்காய் மேல் கிடந்தது.

"அக்கா!" என்று கட்டைகள் கத்தின. "அக்கா, எங்க இருக்க?"

உள்ளே பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருந்த தார்ப்பாய்க்கு எல்லாம் கேட்டது. ஒரு முனையைத் தூக்கப் பார்த்தது. நாலு சுற்று நன்றாக மடித்து வைத்திருந்தாள், அசைய முடியவில்லை.

"டேய் கோடாலி, கூப்புடுறாங்கடா. என்னை வெளிய தள்ளிவிடேன்."

"நானே நகர முடியாமக் கெடக்கிறேன். பொட்டு வச்சா இன்னைக்கு ஓய்வு. அதானே வழக்கம்?"

"உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"எனக்கு என்னா? தோப்புல இருக்கிற மரம் நாளைக்கும் அங்கதான் நிக்கும். நான் ஒருநாள் உக்காந்தா ஒண்ணும் ஆயிடாது. உன் வேலை அப்படியா? அது மானம் இருட்டுற நேரம் பாத்து வர்ற வேலை." கோடாலி குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னது.

ஓட்டின்மேல் மழை அடி அடியென்று அடித்தது. தார்ப்பாய்க்குத் தன்மேல் இருந்த கதம்பத்தின் வாசம் குமட்டியது.

கடைசியில் அஞ்சலாட்சிக்கே தாங்கவில்லை. சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். அவசர அவசரமாகக் கற்பூரம் ஏற்றினாள், ஈரக் கையில் தீக்குச்சி பிடிக்காமல் பிடிக்காமல் பிடித்தது. "தாயே, எங் குடும்பம் இந்த விறகுலதான் இருக்கு. தப்புன்னா என்னை மன்னிச்சுடு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, தார்ப்பாயை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

வெளியே மழை நின்றிருந்தது.

மறுநாள் காலையில் பக்கிரி மாஸ்டர் வண்டியோடு வந்தார். அஞ்சலாட்சி ஒதுங்கி நின்றாள். மாஸ்டர் இரண்டு கட்டையை எடுத்து மோதினார். தொப்பென்றது. அடியிலிருந்து இரண்டை உருவி மோதினார். அதுவும் தொப்பு.

"என்னாம்மா இது?"

"எல்லாம் நான் பண்ணதுதான் மாஸ்டர். ரெண்டு வெயில் குடுத்தா பழையபடி ஆயிடும்."

"வெயில் வர்ற வரைக்கும் தாலி கட்டாம இருப்பாங்களா? சாம்பார்ல பொகை வாடை அடிச்சா என் மொகத்துலதான துப்புவாங்க?" அவர் திட்டக்கூட இல்லை. மோதிய கட்டைகளை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார். "டவுன்காரன்கிட்டயே போறேம்மா. அவன் ஏமாத்துனாலும் அவன்கிட்ட கொட்டகை இருக்கு. உங்களை நம்பி நான் வருசத்துக்கும் சொல்லியிருக்கக் கூடாது."

காலி வண்டி கடகடவென்று திரும்பிப் போனது. கலியமூர்த்தி அது மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அஞ்சலாட்சி முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு அடுக்கைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கட்டையாக வெயிலில் பரப்பினாள். தார்ப்பாயை உதறி அருகிலேயே வேலிமேல் போட்டாள். அதையும் யாரும் திட்டவில்லை.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தார்ப்பாய் நினைத்தது. பெரிய பொட்டு வெயிலில் காய்ந்து வெடித்து அதன் உடம்பை இழுத்தது.

வேலியடியில் ஒரு ஒல்லிக் கட்டை. போன மாதம்தான் வெட்டியது, நேற்று என்ன நடந்தது என்று அதற்குச் சரியாகப் புரியவில்லை. உடம்பெல்லாம் ஈரம் கசிய, அது அண்ணாந்து பார்த்தது.

"அக்கா, சாமிகிட்ட உக்காந்தியாமே! எப்படி இருந்துச்சு? சொல்லேன்."

இப்படி ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்றுதான் தார்ப்பாய் வருசக்கணக்கில் வயிறெரிந்து கிடந்தது. கட்டை காத்திருந்தது. தார்ப்பாய் வாயைத் திறக்கவே இல்லை.