சோதனைக்கு ஒரு கேசட்

மறைந்த குரு பெரியசாமி அருவிக்கரையில் உட்கார்ந்துதான் உபதேசம் பேசுவார். குற்றாலத்தில் வேறு இடமே இல்லாத மாதிரி. அதனால் அவர் பேசிய கேசட்டுகளில் பாதி அவர் குரல், பாதி அருவிச் சத்தம். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவர் சொற்களைப் பிரித்தெடுக்க ஒருவரால்தான் முடியும். சிறு வயதில் அவர் காலடியில் வளர்ந்து, அவருக்குப் பின் அவருடைய சபைக்குக் குருவான உலகம்மை.

உலகம்மைக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. இந்தச் சாரல் பருவம் முடிவதற்குள் கேசட்டில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எழுதும் பொறுப்பு சீடர் திருமலைக்குமாருக்கு. குருவைவிட வயதில் மூத்தவர். விமானங்களுக்குக் கையேடு தயாரிக்கும் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல்லில்தான் ஏற்ற வேண்டும் என்றார். இது கேள்வி, இது பதில், இது சிரிப்பு என்று ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் கணினிக்குப் புரியும் குறி போடுவது. நல்ல யோசனைதான். எந்த எடிட்டர் மென்பொருளில் போடுவது என்பதில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார்.

ஒன்று பிழையை உடனே சிவப்பில் காட்டியது. ஆனால் தமிழ் எழுத்தை உடைத்தது. இன்னொன்று குறிகளைக் கிளை கிளையாக அழகாய் விரித்துக் காட்டியது. கோப்பு பெரிதானால் திணறியது. இலவசமாகக் கிடைத்ததில் குறை எதுவும் தெரியவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"எதுக்கு இம்புட்டு யோசனை?" என்று உலகம்மை கேட்டார்.

"கம்பெனியில ஒருதடவை தப்பான எடிட்டரை எடுத்துட்டோம்மா. அதை உண்டாக்கினவன் கடையை மூடிட்டான். எங்க வேலை எல்லாம் உள்ளயே மாட்டிக்கிட்டு. சாமி பேச்சுக்கு அந்தக் கதி வரக்கூடாது."

உலகம்மை தலையாட்டினார்.

ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா? எல்லா எடிட்டருக்கும் ஒரே கேசட்டைப் போட்டு, உலகம்மை கேட்டுச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துதான் சோதித்தார். அதில் சிறுமி உலகம்மையின் கீச்சுக் குரலும் இருந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் குருவின் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிடும்.

சாரல் அடங்கும் நேரத்தில் புதிதாக ஓர் எடிட்டர் அகப்பட்டது. திருமலைக்குமார் குருவின் காதில் ஹெட்போனை மாட்டி, டேப் ரெக்கார்டரின் பொத்தானை அமுக்கிவிட்டுத் தட்டச்சுக்குத் தயாரானார்.

உலகம்மை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"'சாமி, அருவி எப்ப நிக்கும்?' இது நான் கேக்கது. 'நீ குளிச்சு முடிச்சதும் நிக்கச் சொல்லுதேன்.' இப்ப சிரிக்காரு. குறி போட்டாச்சா? 'ஏ பிள்ளை, முதல்ல தலையைத் துவட்டு.' அவர் துண்டைத்தான் தந்தாரு. ஈரத் துண்டு. அதை வச்சு எங்க துவட்ட..."

சிரித்தார். கண் நிறைந்துவிட்டது.

திரையில் ஓர் எழுத்தும் உடையவில்லை, ஒரு சிவப்பும் இல்லை.

"அம்மா, கிடைச்சுட்டு! இதுதான்!"

சந்தோஷத்தோடு கேசட்டை நிறுத்தக் கை நீட்டினார். சக்கரம் சுற்றவே இல்லை. கணினிக்கு மின்சாரம் கொடுக்க அவரேதான் டேப் ரெக்கார்டரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார்.

ஹெட்போனை மெல்லக் கழற்றி, முகத்துக்கு நேரே உரக்கச் சொன்னார்: "அம்மா, டேப் ஓடவே இல்லை."

"அப்படியா?" என்றார் உலகம்மை. "கொஞ்ச நாளாவே அதுல எனக்கு ஒன்னும் கேக்கலை. நீங்க இப்படி நேரா நின்னு பேசுதது மட்டும் புரியுது. இது மனப்பாடம்லா, அதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"முன்னாலயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்க மும்முரமா இருந்தீங்க. எனக்கும் அந்த இடத்துலயே இருக்கது சுகமா இருந்துச்சு."

திருமலைக்குமார் உள்ளே ஓடினார். அலமாரியைத் திறந்து மிச்சக் கேசட்டுகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து குருவின் முன்னே வைத்தார்.

"இதுல உள்ளதும் மனசுல இருக்குமாம்மா?"

உலகம்மை ஒரு கேசட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, திரும்ப வைத்தார்.

"எப்படி இருக்கும்? நீங்க அந்த ஒன்னைத்தானே திரும்பத் திரும்பப் போட்டீங்க."