பதினோரு பெட்டி

"யாருமே படிக்கறதில்ல குருவே. கண்ணை மூடிக்கிட்டு ஆமாம் ஆமாம்னு தட்டறாங்க."

ஐம்பத்தொரு வயது கோதண்டபாணி, முப்பத்துநாலு வயது பேச்சியம்மாவின் முன்னால் உட்கார்ந்து இப்படித்தான் ஆரம்பித்தார்.

மேகமலையில் அவள் வீடு. அங்கே மேகம் ஆகாயத்தில் நிற்பதில்லை. விருந்தாளி மாதிரி வாசல் வழியாக வரும், சமையலறை வரை போய்ப் பார்க்கும், யாரும் கவனிக்கவில்லையென்றால் கொல்லைப்பக்கமாகப் போய்விடும்.

பேச்சியம்மா தனியாளாக மென்பொருள் செய்கிறவள். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் அவளுடைய மென்பொருள் பன்னிரண்டு வருடமாக ஊர் ஊராகக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. இதுவரை ஒருவரும் அவளைத் திட்டியதில்லை. அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய தவசித்தி கிடையாது. ஆகவே, தனியாளாக இந்த வேலை பார்க்கிறவர்கள் புத்தி பேதலிக்கும் சமயத்தில் அவளைத் தேடி மலையேறுவார்கள்.

கோதண்டபாணியும் தனியாள்தான். கரூரில் ஒரு மாடியறை, ஒரு நாற்காலி, ஓயாத மின்விசிறி. அவர் செய்தது 'வெள்ளைத்தாள்'. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத ஒரு சாதுவான மென்பொருள். திறந்தால் தாள், தட்டினால் எழுத்து, அவ்வளவுதான்.

மன்னார்குடி ரெங்கநாயகி அம்மாள் அதில் தன் கனவுகளை எழுதிவந்தார். விடிந்ததும் ஒரு கனவு. இப்படி மூன்று வருடம். ஒருநாள் கை தவறி ஏதோ ஒரு பட்டனைத் தட்ட, அத்தனை கனவும் அழிந்துபோயின.

அந்தம்மா போனில் திட்டவில்லை.

"போகட்டும் தம்பி, கனவுதானே."

அன்றிலிருந்து கோதண்டபாணிக்குக் கனவு வருவது நின்றுவிட்டது.

உடனே அவர் வெள்ளைத்தாளில் ஒரு கேள்விப் பெட்டியை வைத்தார். எதையாவது அழிக்கப்போனால் திரையில் குதித்து வந்து 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். ஒன்று போதாதென்று பக்கத்தில் இன்னொன்று. மூடினால் ஒன்று, பெயர் மாற்றினால் ஒன்று. கடைசியில் பதினோரு பெட்டி ஆயிற்று.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர், ஏனுங்க, ஒரு வரிய அழிக்கறதுக்குள்ள பொண்ணு குடுக்கப்போற மாமனாராட்டம் நாலு கேள்வி கேக்குதுங்களே என்று அங்கலாய்த்தார். திருநெல்வேலிக்காரர் ஒருவர், ஏம்வே, எம்மேல நம்பிக்கை இல்லியோ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். கோதண்டபாணி பெட்டியை எடுக்கவில்லை. கனவு முக்கியம்.

போன வாரம் ரெங்கநாயகி அம்மாள் மறுபடி கூப்பிட்டார். புதிதாக எழுதிச் சேர்த்த அறுபது கனவும் போய்விட்டன.

பெட்டி வந்து கேட்கவில்லையா என்று இவர் பதறினார்.

"கேட்டுது தம்பி. அது எப்பவும் கேக்கும். நானும் எப்பவும் ஆமாம்தான் போடுவேன்."

இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, இன்றைக்கு ஒரு வழி தெரியாவிட்டால் வெள்ளைத்தாளையே இழுத்து மூடிவிடப்போவதாகக் கோதண்டபாணி சொன்னார். தன்னால் இனி யாருடைய கனவும் போக வேண்டாம். பேசிப் பேசி நாக்கு வறண்டிருந்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

பேச்சியம்மா நிமிர்ந்தாள். முகம் சதுரமாகிவிட்ட மாதிரி இருந்தது. குரலில் ஏற்ற இறக்கம் போயிற்று.

"நீங்கள் தண்ணீர் கேட்டிருக்கிறீர்கள். குடித்த தண்ணீரைத் திரும்பப் பெற இயலாது. நிச்சயமாகவா?"

கோதண்டபாணி சிரித்துவிட்டு, ஆமாம் என்றார். தண்ணீர் வந்தது.

செருப்பை வாசலோரம் தள்ளி வைக்கப்போனார். செருப்பு இடம் மாறவிருக்கிறது, நிச்சயமாகவா என்றாள். ஆமாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உலகம் மங்கலாகும், தொடரலாமா என்றாள். ஆமாம். மேகம் மூக்கில் ஏறித் தும்மல் முட்டியது. ஒரு தும்மல் காத்திருக்கிறது, வெளியேற்றவா என்றாள். அதற்கு ஆமாம் சொல்வதற்குள் தும்மல் தானே முடிவெடுத்துவிட்டது.

சோறு போடும் நேரத்துக்குள் ஆமாம் சொல்வது அவருடைய வாயின் வேலையாகிவிட்டது. காதுக்கு அதில் பங்கே இல்லை. மலை நனைவதைப் பார்த்தபடி ஏதோ ஒன்றுக்கு ஆமாம் என்றார். சோற்றில் காப்பி ஊற்றத்தான் சம்மதித்திருக்கிறோம் என்பது, அவள் ஊற்றிய பிறகு தெரிந்தது.

அதோடு அவருக்குப் பொறுமை போயிற்று. பரிகாசம் கேட்க இவ்வளவு உயரம் ஏறிவரவில்லை என்றார். ஊருக்குப் போனதும் வெள்ளைத்தாளை மூடிவிடுவேன், இந்தத் தொழிலே இனி வேண்டாம் என்றார். கை கழுவினார், பையைத் தோளில் மாட்டினார், வாசல்வரை போய் நின்றார்.

அந்தக் கேள்விக்காக நின்றார்.

பேச்சியம்மா கேட்கவில்லை. தட்டைக் கழுவ உள்ளே போய்விட்டாள்.

வீட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் பஸ் நிறுத்தம். அது மேகத்துக்குள் இருந்தது. பஸ்ஸும் மேகத்துக்குள்ளிருந்தே வந்தது. முதலில் வெளிச்சம், பிறகு சத்தம், கடைசியாக பஸ். சின்னமனூர் சின்னமனூர் என்று கண்டக்டர் தாலாட்டுகிற குரலில் கூவினார். கோதண்டபாணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே மரம் இல்லை, பள்ளம் இல்லை, சாலை இல்லை. எதுவும் எழுதாத ஒரு பக்கத்தின்மேல் பஸ் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

ஒரு வளைவு. இன்னொன்று.

மூன்றாவது வளைவில் அவருக்கு ஒரு கேள்வி வந்தது. இத்தனை நாளில் இது தோன்றவே இல்லை. வெள்ளைத்தாள் இல்லையென்றால், நாளைக்கு விடிந்ததும் ரெங்கநாயகி அம்மாள் எதைத் திறப்பார்?

எழுந்து, நிறுத்தச் சொன்னார். இப்பத்தானண்ணே ஏறுனீங்க என்றார் கண்டக்டர். கோதண்டபாணி இறங்கிக்கொண்டார்.

மலைச்சாலையில் திரும்பி நடந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஒரு மன்னிப்பைத் தயார் செய்தார். முதலாவது நீளமாக இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் தமிழ் குறைந்தது. மூன்றாவதுக்கு மூச்சு இல்லை. ஒற்றையடிப் பாதையில் ஏறி வீட்டை அடைந்தபோது சட்டையெல்லாம் மேகம்.

கதவு சாத்தியிருக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்தவருக்கு இடம் விடுவதுபோல பேச்சியம்மா பாயில் சற்று நகர்ந்துகொண்டாள். இன்னொரு தட்டில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள்.

"சாப்பிடுங்கண்ணே."

தயார் செய்த மூன்று மன்னிப்பில் ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அவர் சோற்றைப் பிசைந்தார்.

"தண்ணிக்குக் கேட்டீங்க. செருப்புக்குக் கேட்டீங்க. நான் எல்லாத்தையும் மூடிட்டுப் போறேன்னு சொன்னப்ப மட்டும் ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா?"

கோதண்டபாணி நேர்மையாக யோசித்தார்.

"ஆமாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"ம்."

"அப்ப எந்த தைரியத்துல என்னைப் போகவிட்டீங்க?"

பேச்சியம்மா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். வெளியே மேகம் விலகிக்கொண்டிருந்தது. அவர் இறங்கிப்போன ஒற்றையடிப் பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அவர் ஏறிவந்ததும் அதே பாதைதான்.

பிசைந்த கை தட்டிலேயே நின்றது. அவர் அந்தப் பாதையைப் பார்த்தார்.

"ரெங்கநாயகி அம்மாவுக்கு, அழிச்ச கனவு திரும்பி வர்றதுக்கு நான் ஒரு பாதை போட்டுத் தரவே இல்லையே," என்றார்.