அழுகை வாங்கிய மந்திரவாதி

முன்னொரு காலத்தில், ஆடுகளுக்கெல்லாம் பேசத் தெரிந்தும், பேசினால் வேலை வாங்குவார்கள் என்று அவை வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில், கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது.

அந்த நாட்டு ஆண்களுக்கு ஆடு மேய்ப்பதுதான் தொழில். பகலெல்லாம் மேய்ப்பார்கள். பொழுது சாய்ந்ததும் யாராவது ஒருவருடைய வயலில் ஆடுகளை மடக்கிக் கிடை போடுவார்கள். புழுக்கை வயலுக்கு உரமாகும், வயல்காரர் அளக்கும் தானியம் வீட்டுக்குக் கஞ்சியாகும். ஆண்கள் ஆட்டுக்குக் காவலாக அங்கேயே படுத்துக்கொள்வார்கள். வீட்டையும் பிள்ளையையும் யார் பார்ப்பது என்று கேட்கிறீர்களா? அங்கே யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. அது பெண்கள் பாடு.

அந்த நாட்டில் முத்திருளன் என்று ஒரு மேய்ப்பன் இருந்தான். காது என்றால் அவன் காதுதான் காது. மந்தையில் எந்த மூலையில் எந்தக் குட்டி கத்தினாலும், கண்ணை மூடிக்கொண்டு, "அது வெள்ளைச்சியோட ரெண்டாவது குட்டி, காலிலே முள்ளு தைச்சிருக்கு" என்பான். போய்ப் பார்த்தால் முள் இருக்கும்.

அவன் மனைவி காத்தாயி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். சின்ன வயசு. தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. கல்யாணமான அடுத்த வருஷமே ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை என்றால் அழத்தானே செய்யும்? இதுவும் அழுதது. குழந்தை அழ ஆரம்பித்தால் முத்திருளன் கம்பைத் தூக்குவான். அடிக்க இல்லை, பயப்படாதீர்கள். கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, "கிடைக்கு நேரமாச்சு" என்று நடையைக் கட்டிவிடுவான், அவ்வளவுதான். பகல் உச்சியில் அழுதாலும் அவனுக்குக் கிடைக்கு நேரமாகிவிடும்.

காத்தாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் தூக்கினாள், அடுப்பு ஊதினாள், துணி துவைத்தாள். தூக்கம் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிற்று. பக்கத்து வீட்டில் போய்க் கேட்கலாம். கேட்க வெட்கம். எல்லாப் பெண்களும் சமாளிக்கிறார்கள், நமக்குத்தான் துப்பில்லை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை, தோளில் காவடித்தண்டு, தண்டு நிறையச் சுரைக்குடுக்கை என்று ஒருவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தான்.

"அழுகை இருக்கா தாயே, அழுகை! கொடுத்துட்டு நிம்மதியாத் தூங்கு தாயே!"

வந்தவன் ஓசைவிழுங்கி என்னும் மந்திரவாதி. காத்தாயிக்கு அது தெரியாது. அவளுக்குக் காதில் விழுந்தது தூக்கம் என்ற ஒரு சொல்தான்.

"என்ன விலைய்யா?"

"விலையா? நான் வாங்குறது அழுகை, கொடுக்குறது தூக்கம். வேற கொடுக்கல் வாங்கலே கிடையாது தாயே."

குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. காத்தாயி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், வாயிலிருந்து கொட்டாவிதான் வந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. உங்களுக்கு இருந்தால், கொஞ்ச நாள் தூங்காமல் இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

மந்திரவாதி ஒரு குடுக்கையின் வாயைக் குழந்தையின் வாயருகே பிடித்தான். குபுக்கென்று அழுகை உள்ளே போயிற்று. தேன்மெழுகால் அடைத்தான், போய்விட்டான். காத்தாயி இருந்த இடத்திலேயே சாய்ந்து தூங்கினாள்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தூளியில் குழந்தை வாயைத் திறந்து, முகம் சிவந்து, கை காலை உதறி அழுதுகொண்டிருந்தது. துளிச் சத்தம் இல்லை. காத்தாயி ஓடிப்போய் அதை வாரி எடுத்தாள்.

முத்திருளன் வந்து எட்டிப் பார்த்தான். "அட, பிள்ளை எவ்வளவு சமர்த்தாயிருச்சு!" என்று சிரித்தான்.

அந்தச் சமர்த்து என்ன செய்தது தெரியுமா? குழந்தை பசித்து அழுதால்தான் தாய்க்கு நெஞ்சில் பால் சுரக்கும். அழுகை கேட்காமல் காத்தாயிக்குப் பால் வற்றியது. அடுப்படியில் இருந்தால் குழந்தை விழித்ததே தெரியாது. குழந்தையின் கன்னம் ஒட்டியது, தொடை சுருங்கியது. இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று தெரிந்ததும் காத்தாயி கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அழுகையை ஏன்டி கொடுத்தே?" என்று முத்திருளன் கத்தினான்.

"பிள்ளை அழுதப்போ நீ எங்கேய்யா போனே?" என்றாள் அவள்.

அவன் வாய் தானாகக் "கிடைக்கு..." என்று ஆரம்பித்தது.

அப்போது கொட்டிலில் கட்டியிருந்த மூளிக்காது ஆடு வாயைத் திறந்தது. "ஏ முத்திருளா, இதுக்கு மேலயும் நான் பேசாம இருந்தா பாவம். அந்த ஓசைவிழுங்கி எதுக்கு அழுகையைச் சேர்க்கிறான் தெரியுமா? உலகத்திலே பிள்ளை அழுகையை மிஞ்சின வசிய மந்திரம் கிடையாது. குடுக்கையை அவன் குலுக்கினா, கேட்ட சீவன் எல்லாம் அவன் வாசலுக்குப் போகும். பசு தானாப் போய்ப் பால் கறக்க நிக்குது. ஆளுக தானாப் போய் மண்ணு சுமக்குறாங்க. ஒருநாள் என் காலே தானா நடந்து போயிருச்சு, போ. கருங்கரட்டு மலையிலே அவன் குகை இருக்கு. அழுகையைக் கொடுத்தவங்க கண்ணுக்கு அது தெரியாது. பெத்தவன் நீ போனாத்தான் உண்டு."

"இவ்வளவுதானே? என் காதுக்குத் தப்பின குட்டி உண்டா?" என்று முத்திருளன் மீசையைத் தடவிக்கொண்டு போனான்.

குகை முழுக்கக் குடுக்கைகள் தொங்கின. மந்திரவாதி தயிர்ச்சோற்றைக் குழைத்துத் தின்றுகொண்டே சொன்னான்: "உன் பிள்ளை அழுகை எதுன்னு சொல்லு, கொண்டு போ. மூணு தரம் வரலாம். மூணாவது தரமும் தப்பிட்டா அது என்னைக்கும் எனக்குத்தான்."

முத்திருளன் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டான். என் பிள்ளை பெரிதாகத்தான் அழும் என்று, இருப்பதிலேயே உரத்த அழுகையை எடுத்தான். "தப்பு!" என்று சிரித்தான் மந்திரவாதி.

வீட்டுக்கு வந்து, பிள்ளை எப்படி அழும் என்று காத்தாயியைக் கேட்டான். "முதல்லே சிணுங்கும், அப்புறம் ஓங்கி அழும்" என்றாள். இரண்டாம் தரம் போனான். எல்லாக் குடுக்கையும் முதலில் சிணுங்கியது, அப்புறம் ஓங்கி அழுதது. ஒன்றை எடுத்தான். "தப்பு!" என்று விழுந்து விழுந்து சிரித்தான் மந்திரவாதி.

முத்திருளன் கொட்டிலில் வந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். மூளிக்காது ஆடு கேட்டது: "எங்க குட்டிக கத்தினா மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறே?"

"பிறந்ததிலேருந்து கூடவே கிடக்கேன், தெரியாதா?" என்றவன், சொன்ன வாயோடு எழுந்து தூளியருகே போனான். அவன் கண் கலங்கியது.

மறுநாள் கிடைக்காரர்களிடம் போய், "என் ஆட்டையும் சேர்த்துப் பாத்துக்குங்க, நான் பிள்ளையோட இருக்கணும்" என்றான். "ஓகோ, பால் கொடுக்கப் போறியா?" என்று அவர்கள் கேலி செய்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று திரும்பினான்.

அடுத்து அந்த நாட்டில் எந்த ஆணும் செய்யாத ஒன்றைச் செய்தான். பக்கத்து வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டான்: "வீராயி மதினி! என் வீட்டுக்காரிக்கு ஒரு துணை வேணும். எங்களாலே முடியலே."

வீராயி கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். "ஏன் கொழுந்தனாரே, உங்க வீட்டிலேதான் சத்தமே இல்லையே, சுகமா இருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்!"

முத்திருளன் நடந்ததைச் சொன்னான். வீராயியின் முகம் மாறியது. தன் குழந்தையின் வாயைப் பார்த்தாள். "இவன் அழுகையையும் போன மாசம் கொடுத்துட்டேன். பாவி நான் ஒருத்திதான் அப்படிப் பண்ணினேன்னு வெளியே சொல்லாம இருந்தேன்" என்று அழுதாள். எதிர்வீட்டுச் சந்தனமும் கொடுத்திருந்தாள். தெருவில் பாதிப் பேர் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் கெட்ட தாய் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

கதவுகள் திறந்தன. வீட்டில் மூத்த பிள்ளையின் அழுகை காதில் விழுந்துகொண்டிருந்ததால் வீராயிக்குப் பால் இன்னும் வற்றவில்லை. காத்தாயியின் குழந்தையை மடியில் போட்டுத் தன் பாலைக் கொடுத்தாள். சந்தனம் பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் சுடச்சுடக் கொண்டுவந்தாள். "தின்னுட்டுப் படு. தண்ணி நான் எடுத்துட்டு வாறேன்" என்றாள். காத்தாயி சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். "உங்களுக்கெல்லாம் நான் என்ன கைம்மாறு செய்வேன் அக்கா?" என்றாள். "நாளைக்கு என் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பாத்துக்கோ, போதும்" என்றாள் சந்தனம்.

முத்திருளன் குழந்தையைத் தூக்கப் பழகினான். முதலில் ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் தோளில் போட்டான், எல்லாரும் அலறினார்கள். பிறகு கை பழகிவிட்டது. குளிப்பாட்டினான், துணி மாற்றினான், நெஞ்சில் போட்டுத் தட்டிக்கொடுத்தான். சத்தம் இல்லாவிட்டால் என்ன, அழுகை உடம்பில் இருந்தது. பசித்தால் வயிறு இரண்டு தரம் சின்னதாக எக்கும். கொஞ்சம் நிற்கும். பிறகு மூச்சை நீளமாக இழுத்து அழும். கடைசியில் ஒரு விக்கல். ஈரமென்றால் எக்கல் இல்லை, காலைத்தான் உதறும். அந்த எக்கலும் விக்கலும் அவன் உள்ளங்கைக்கு மனப்பாடமாயின.

மூன்றாம் தரம் போனான். இப்போது அவன் மீசையைத் தடவவில்லை.

"வாடா காதுக்காரா!" என்றான் மந்திரவாதி.

முத்திருளன் காதில் எதையும் வைக்கவில்லை. ஒவ்வொரு குடுக்கையாக எடுத்து, குழந்தையைப் போலவே நெஞ்சில் சாய்த்து, மேலே கையை வைத்தான். ஒன்று ஒரே மூச்சாக அதிர்ந்தது. இல்லை. ஒன்று விட்டு விட்டு அதிர்ந்தது. இல்லை. ஒரு மூலையில், சின்னதாக, தூசி படிந்து ஒன்று கிடந்தது. நெஞ்சில் வைத்தான். இரண்டு எக்கல். ஒரு நிறுத்தம். நீளமாக ஒரு மூச்சு. ஒரு விக்கல்.

"என் கண்ணு" என்றான் முத்திருளன். "அப்பன் வந்துட்டேன்மா."

மந்திரவாதி பாய்வதற்குள் மெழுகைப் பிய்த்தான். அழுகை வெளியே வந்தது. ஒரு குழந்தை அழுதால் பக்கத்துக் குழந்தையும் அழும் அல்லவா? பக்கத்துக் குடுக்கை படாரென்று வெடித்து அழுதது. அதைக் கேட்டு அடுத்தது, அதைக் கேட்டு அதற்கடுத்தது. குகையே வீறிட்டது. அத்தனை அழுகையும் தத்தம் வீட்டைப் பார்த்துப் பறந்தன. ஓசைவிழுங்கி காதைப் பொத்தினான், கால் கேட்கவில்லை. அவன் கால் தானாக நடந்தது, ஓடியது. பிள்ளை அழுகிற வீடு ஒவ்வொன்றாகப் போய்த் தூளி ஆட்ட வேண்டியதாயிற்று. மந்திரமெல்லாம் மறந்து, தாலாட்டுதான் வாயில் வந்ததாம். குரல் கர்ணகடூரம் என்று கேள்வி.

வீட்டில் காத்தாயியின் குழந்தை வாயைத் திறந்தது. வீல்! காத்தாயிக்கு நெஞ்சு குறுகுறுத்துப் பால் சுரந்து சேலை நனைந்தது. அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். தெருவே அழுதது, சிரித்தது.

அந்த அழுகைகள் அரண்மனைக்கு மேலே பறந்தபோது ராஜாவின் கால்களும் சும்மா இருக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் காத்தாயியின் குடிசை வாசலில் வந்து மூச்சு வாங்கினார்.

"என்னைக் கூப்பிட்டது யாரம்மா?"

"என் பிள்ளைதான் மகாராஜா."

"என்ன வேண்டுமாம்?"

காத்தாயி வெட்கப்படவில்லை. இப்போது அவளுக்குக் கேட்கத் தெரியும். "பிள்ளைக்கு வேண்டியது என்கிட்ட இருக்கு. பெத்தவளுக்குக் கஞ்சி வேணும், கொஞ்சம் தூக்கம் வேணும். பிள்ளையோட அப்பன் பக்கத்திலே இருக்கணும்."

அன்றைக்கே பறை அறைந்தார்கள். கொன்றைநாட்டில் எந்த ஏழை வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து அரிசியும் பாலும் போகும். பிள்ளை தவழும்வரை அப்பன் கிடைக்குப் போக வேண்டாம். அவன் பங்குத் தானியம் மட்டும் வீடு தேடி வரும். கேலி செய்த கிடைக்காரர்களில் ஒருவன்தான் முதல் ஆளாக வந்து, "பிள்ளையை எப்படிப்பா தூக்கணும்?" என்று முத்திருளனிடம் கேட்டான்.

அன்று மாலை குழந்தை சிணுங்கியது. காத்தாயி பழக்கத்தில் எழுந்தாள். முத்திருளன் அதற்குள் தூளியருகே போயிருந்தான்.

"நீ படு. இது பசி அழுகை இல்லே, ஈரம்" என்றான்.

வெளியே யாரோ, "முத்திருளா, கிடைக்கு நேரமாச்சு!" என்று குரல் கொடுத்தார்கள். "ஆகட்டும்" என்றான் அவன், தூளியை விட்டு நகராமலே. காத்தாயி அவனைப் பார்த்தாள். வீராயியை, சந்தனத்தை, வாய் திறந்த அந்த மூளிக்காது ஆட்டை நினைத்துக்கொண்டாள். "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே படுத்தாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். யாரிடமும் எதையும் விற்காமல் கிடைத்த தூக்கம் அது.

கதை இவ்வளவுதான். அதோ, எங்கேயோ ஒரு பிள்ளை அழுகிறது, கேட்கிறதா? அதன் அம்மாவைக் கூப்பிடாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவர் எழுந்து போங்கள்.