திரைக்குப் பின்னால் எட்டுப் பேர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் உடனே தரமாட்டேன். முதலில் சட்டம், பிறகு திரை, அப்புறம் ஒரு மகாபண்டிதர். இவ்வளவும் தாண்டி வந்தால்தான் சிரிப்பு. அவசரக்காரர்கள் போய் மோர் குடித்துவிட்டு வரலாம்.

சிங்காரபுரி அரசர் பூபாலருக்கு ஒருநாள் திடீரென்று கவலை வந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்களுக்கே பாடம் தெரியுமா? உடனே சட்டம் போட்டார். பள்ளி நடத்துகிறவர்கள் எல்லோரும் அரண்மனையில் தேர்வு எழுத வேண்டும். தேறினால் முத்திரை ஓலை. மூன்று தடவை தவறினால் பள்ளிக்குப் பூட்டு.

தேர்வில் ஓரவஞ்சனை இருக்கக் கூடாதென்று அரசரே ஒரு திரையையும் தொங்கவிட்டார். எழுதுகிறவர் திரைக்கு அந்தப் பக்கம். வாயைத் திறக்கக் கூடாது. எழுதிய ஓலையை அரசவை விகடர் கொன்றையப்பன் வாங்கிவந்து உரக்கப் படிப்பார். முகமும் தெரியாது, குரலும் தெரியாது. அரசருக்கு இந்த ஏற்பாட்டில் அப்படி ஒரு பெருமை. விருந்தாளி வந்தால் முதலில் திரையைத்தான் காட்டுவார்.

தேர்வாளர் மகாபண்டிதர் பஞ்சநதர். அவர் எப்படிப் பேசுவார் தெரியுமா? மூக்கிலிருந்து தொடங்கி, தொண்டையில் கொஞ்சம் இளைப்பாறி, அப்புறம்தான் வார்த்தை வெளியே வரும். "ஹூம்ம்ம்... விடை சரிதான். ஆனால் அதில் பணிவு இல்லை. தவறியது."

இப்படித்தான் உப்பளத் தெருவில் பள்ளி நடத்தும் செங்கமலம் இரண்டு தடவை தவறினாள். விடை இரண்டு தடவையும் சரி. இன்னொரு தடவை தவறினால் முப்பத்திரண்டு பிள்ளைகளும் மறுநாளே வாய்ப்பாட்டை விட்டுவிட்டு உப்பு வாரப் போக வேண்டியதுதான்.

அதே தேர்வுகளில் பண்டிதரின் மைத்துனர்கள் மூன்று பேர் தேறினார்கள். அதில் ஒருவருக்குத் தன் பெயரை எழுதவே நாலு ஓலை பிடிக்கும்.

படிக்கிறவர் கொன்றையப்பன் அல்லவா? அவர் காது சும்மா இருக்குமா? மைத்துனர்கள் ஓலையை நீட்டுவதற்கு முன்னால் எழுத்தாணியால் பலகையில் ஒரு தட்டு தட்டினார்கள். டொக் டொக்... டொக். தட்டியவரெல்லாம் தேறினார்கள். தட்டாதவருக்கெல்லாம் பணிவு இல்லை.

அரசரிடம் சொல்லலாம்தான். ஆனால் பலகையில் தட்டியது குற்றம் என்று எப்படி நிரூபிப்பது? கொன்றையப்பன் யோசித்தார்.

மூன்றாம் தேர்வுக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். செங்கமலத்தையும் சேர்த்து நான்கு ஆசிரியர்கள். மற்ற நால்வரும் பண்டிதரின் தங்கை பிள்ளைகள். விடையை மாமா வீட்டிலேயே உருப்போட்டுவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கொன்றையப்பன் அவர்களிடம் போய்க் கும்பிட்டார். பெரிய இடத்துப் பிள்ளைகள் முண்டியடித்து முதலில் போகலாமா, பயந்த ஜனங்கள் முதலில் போய்த் தொலையட்டுமே என்றார். அவர்களும் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஆசிரியர்கள் பக்கம் வந்து, எழுத்தாணியால் எப்படித் தட்டுவது என்று காட்டிக்கொடுத்தார்.

செங்கமலம் முகத்தைச் சுளித்தாள். "எனக்கு விடை தெரியும் ஐயா. நான் ஏன் தட்டணும்?"

"விடையைக் காதில் வாங்கணும்னா அவர் காது முதலில் திறக்கணுமேம்மா. கதவைத் தட்டுறதா நினைச்சுக்குங்க."

தேர்வு தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை நாழிகை?

டொக் டொக்... டொக். முதல் ஓலையைக் கொன்றையப்பன் படித்தார். "அறுபது."

பண்டிதர் முகம் தாமரையாகிவிட்டது. "ஆஹா. என்ன தெளிவு. தேறியது."

இரண்டாவது தட்டல், இரண்டாவது அறுபது. அதில் கடல் போன்ற ஆழம் இருப்பதாகச் சொன்னார். மூன்றாவதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்காவது செங்கமலம். அந்த அறுபதைக் கேட்டதும், இப்படிப்பட்டவரிடம் நானே உட்கார்ந்து படிக்கலாம் என்றார். அரசர் நான்கு ஓலைகளிலும் முத்திரை பதித்தார். பண்டிதர் மடியில் கையை மறைத்துக்கொண்டு நாலு விரலை மடக்கிப் பார்த்தார். அவர் கணக்கில் தங்கை பிள்ளைகள் நால்வரும் கரையேறிவிட்டார்கள்.

டொக் டொக்... டொக்.

பண்டிதர் நிமிர்ந்தார். ஐந்தாவது ஏது? எவனோ ரகசியத்தைத் திருடிவிட்டான். காது வரை சிவந்துபோனது.

"அறுபது" என்றார் கொன்றையப்பன்.

"ஹூம்ம்ம்... இதை எழுதியவன் எருமைக்குக்கூடப் பாடம் சொல்ல லாயக்கில்லை. தவறியது."

அரசர் காதைக் குடைந்துகொண்டார். "பண்டிதரே, முன்னே வந்ததும் இதே அறுபதுதானே?"

"அந்த அறுபதில் ஒரு அழுத்தம் இருந்தது, அரசே. இது சப்பை அறுபது."

ஆறாவதும் தட்டியது. அதை எழுதியவனின் குலத்திலேயே ஒருவனுக்கும் மூளை இருந்திருக்காது என்றார். ஏழாவதற்கு, இப்படி ஒரு மடையனைப் பெற்றவள் எந்த மகராசியோ என்று தலையில் அடித்துக்கொண்டார். கொன்றையப்பன் மிகுந்த அனுதாபத்தோடு தலையாட்டினார்.

எட்டாவது தட்டல் கொஞ்சம் பலமாகவே கேட்டது. பலகை உடைகிற மாதிரி. டொக் டொக்... டொக்.

"அறுபது."

"தவறியது. இந்தக் கழுதையை அரண்மனை வாசலிலேயே..."

திரைக்குப் பின்னாலிருந்து, சட்டத்தையெல்லாம் மறந்து, அழுகிற குரல் ஒன்று வந்தது.

"மாமா, நான்தான் மாமா, சாம்பு. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதானே தட்டினேன்?"

அரசர் திரையைப் பார்த்தார். திரும்பிப் பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் மடக்கி வைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.